பிலடெல்பியா போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள்!

நியூ ஜெர்சியில் இருக்கிற எங்களுக்குப் பிலடெல்பியா கூப்பிடு தூரம். ஊரிலிருந்து அம்மா வந்தாலும், அத்தை மாமா வந்தாலும், நான் முதலில் கூட்டிப்போகிற ஊர் இதுதான். அமெரிக்கா என்கிற நாடு பிறந்த கட்டடங்கள் அங்கே நாலைந்து தெருவுக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன. முக்கியமானவை பலவற்றுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. மகன், மகள் வீட்டுக்கு வந்திருப்பவர்களும், வார இறுதியில் விருந்தாளிகளை எங்கே கூட்டிப்போவது என்று யோசிப்பவர்களும் இந்தக் குறிப்புகளைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

1. சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்ட இன்டிபென்டன்ஸ் ஹாலுக்கு நுழைவு இலவசம். ஆனால் ஆண்டின் பெரும்பகுதி நேரம் குறித்த டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இணையத்தில் முன்பதிவு செய்தால் ஆளுக்கு ஒரு டாலர்தான் ஆகும். தேதி முடிவானதும் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள்.

2. ஜனவரி, பிப்ரவரியில் கூட்டம் குறைவு, வழக்கமாக டிக்கெட்டும் கேட்பதில்லை. குளிர் தாங்குகிறவர்களுக்கு அதுதான் நல்ல நேரம். வயதானவர்களோடு போவதானால் ஏப்ரல் கடைசி அல்லது அக்டோபர் நல்லது. ஜூலையின் புழுக்கம் சென்னையை ஞாபகப்படுத்தும்.

3. டிக்கெட்டில் பத்து மணி என்று இருந்தால் ஒன்பதரைக்கே பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றுவிடுங்கள். நேரம் தவறினால் அடுத்த குழுவில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம். சோதனையில் பெல்ட்டைக் கழற்றச் சொல்வதுண்டு என்பதால், அன்றைக்கு மட்டும் இழுத்துக் கட்டும் பேன்ட் போட்டுப் போனால் வேலை மிச்சம்.

4. பெரிய பைகள் அன்றைக்கு வேண்டாம். ஹாலுக்கும் சுதந்திர மணிக்கும் தனித்தனியாகச் சோதனை உண்டு. பையை விட்டுப் போகவும் இடமில்லை. குடும்பத்துக்கு ஒரு தோள்பை போதும், மற்றவர்கள் பையில்லாமல் கைவீசி நடக்கட்டும். பழம் நறுக்கும் சின்னக் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டு, பழத்தை நறுக்கியே எடுத்துப் போங்கள்.

5. மார்க்கெட் தெருவும் 6-ஆம் தெருவும் சந்திக்கிற இடத்தில் இருக்கும் பார்வையாளர் மையத்திலிருந்து தொடங்குங்கள். சுத்தமான கழிப்பறை, இலவச வரைபடம், குளுகுளு உட்காருமிடம் எல்லாம் ஒரே கூரைக்குள் கிடைக்கும். அன்றைக்கு எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொண்டால் வீண் நடை மிச்சம்.

6. சுதந்திர மணியைப் பார்க்க டிக்கெட்டும் இல்லை, பணமும் இல்லை. பகல் பதினொன்று முதல் மூன்று வரை வரிசை நீளும். திறந்த கையோடு போங்கள், இல்லையென்றால் மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போங்கள்.

7. வரிசையில் நிற்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். மணி இருக்கும் கட்டடத்தின் கண்ணாடிச் சுவர் வழியாக வெளியிலிருந்தே அது நன்றாகத் தெரியும். இரவில் விளக்கொளியில் மணியும் அதற்குப் பின்னால் ஹாலின் கோபுரமும் சேர்ந்து தெரிகிற அழகு, பகல் கூட்டத்தில் முண்டியடித்தாலும் கிடைக்காது. முழங்கால் வலியுள்ள என் அத்தைக்கு அப்படித்தான் காட்டினேன்.

8. மணியின் அகலமான விரிசலைப் பார்த்ததும் குழந்தைகள் கேள்வி கேட்பார்கள், பதிலைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1752-ல் லண்டனிலிருந்து வந்த மணி முதல் சோதனையிலேயே கீறியது. பிலடெல்பியாவின் பாஸ், ஸ்டோ என்ற இருவர் அதை உருக்கி மறுபடியும் வார்த்தார்கள். பின்னாளில் விழுந்த மெல்லிய கீறலின் இரு விளிம்பும் உரசாதிருக்க அதை வேண்டுமென்றே அகலப்படுத்தினார்கள், இன்று நம் கண்ணில் படுவது அந்தப் பழுதுபார்ப்பு வேலைதான். 1846-ல் வாஷிங்டன் பிறந்தநாளுக்கு அடித்தபோது கீறல் மேலும் ஓடிவிட்டது, அதோடு மணி ஓய்ந்தது.

9. மணிக்குப் பக்கத்திலேயே, திறந்தவெளியில் இருக்கும் ஜனாதிபதி இல்லத்தின் அடித்தள இடத்தை நிறையப் பேர் கடந்து போய்விடுகிறார்கள். தயவுசெய்து அங்கே பத்து நிமிடம் நில்லுங்கள். 1790 முதல் 1797 வரை ஜார்ஜ் வாஷிங்டன் குடியிருந்த வீடு அங்கேதான் இருந்தது, அவரோடு ஒன்பது அடிமைகளும் இருந்தார்கள். பென்சில்வேனியாவில் ஆறு மாதம் தொடர்ந்து இருந்த அடிமை விடுதலை கேட்கலாம் என்று அப்போது சட்டம். அதனால் ஆறு மாதம் நிறையும் முன் அவர்களை மாநிலத்துக்கு வெளியே அனுப்பி அனுப்பி வரவழைத்தார்கள். ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் 1796-ல், வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வெளியேறிக் கப்பலேறிவிட்டாள், கடைசிவரை பிடிபடவேயில்லை. அந்த மணிக்குச் சுதந்திர மணி என்ற பெயர் 1830-களில் அடிமை முறையை எதிர்த்தவர்களால்தான் நிலைத்தது. இந்த இடத்தைப் பார்த்துவிட்டு மணியைப் பார்த்தால் அதன் அருமை கூடுகிறது.

10. பிள்ளைகளுக்குச் சுவையாகச் சொல்ல ஒரு நூறு டாலர் நோட்டு போதும். முன்பக்கம் பெஞ்சமின் பிராங்க்ளின், பின்பக்கம் இன்டிபென்டன்ஸ் ஹால். நோட்டைக் கட்டடத்துக்கு நேரே பிடித்து எது எது ஒத்துப்போகிறது என்று தேடச் சொல்லுங்கள், வரிசையில் நிற்கிற நேரம் ஓடிவிடும். (நோட்டை மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்!)

11. ஹாலுக்குள் கூட்டிப்போவது அரைமணிக்கும் குறைவான நேரம்தான், எனவே எங்கே பார்ப்பது என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது. சபை அறையின் முன்பக்கம் மேசைக்குப் பின்னால் இருக்கும் நாற்காலியின் முதுகில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும். 1787-ல் அரசியல் சாசனக் கூட்டத்துக்கு வாஷிங்டன் தலைமை தாங்கியது அந்த நாற்காலியில்தான். அது உதிக்கிற சூரியனா, மறைகிற சூரியனா என்று கூட்டம் நடந்த நாளெல்லாம் யோசித்த பிராங்க்ளின், கையெழுத்தான அன்று உதிக்கிற சூரியன்தான் என்று தெளிந்தாராம்.

12. ஹால் டிக்கெட் கிடைக்கவில்லையா? பக்கத்திலேயே காங்கிரஸ் ஹால் இருக்கிறது, அதற்கு டிக்கெட் தேவையில்லை. 1790 முதல் 1800 வரை அமெரிக்க நாடாளுமன்றம் கூடியது அங்கேதான். பதவி முடிந்த வாஷிங்டன் அமைதியாக விலகி அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்ததும், 1797-ல் ஜான் ஆடம்ஸ் பதவியேற்றதும் அதே கட்டடத்தில்தான்.

13. போன் சார்ஜ் தீர்ந்தாலும் இந்த ஊரில் வழி தவறாது. வில்லியம் பென் 1682-லேயே சதுரங்கக் கட்டம் போலத் தெருக்களைப் போடச் செய்துவிட்டார். டெலவேர் ஆற்றங்கரையிலிருந்து மேற்கே போகப்போக 2, 3, 4 என்று எண் ஏறும். முதல் தெருவுக்கு ஃப்ரன்ட் என்றும், 14-ஆவது வரவேண்டிய இடத்தில் பிராட் என்றும் பெயர், அதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

14. குறுக்குத் தெருக்கள் பலவற்றுக்கு மரங்களின் பெயர். மார்க்கெட் தெருவிலிருந்து தெற்கே செஸ்ட்நட், வால்நட், லோகஸ்ட், ஸ்புரூஸ், பைன் என்று வரும். இந்தத் தெருக்களில் முகவரியின் எண்ணே வழி சொல்லிவிடும்: ஆர்ச் தெரு 239 என்றால் 2-ஆம் தெருவுக்கும் 3-ஆம் தெருவுக்கும் நடுவில், செஸ்ட்நட் 520 என்றால் 5-க்கும் 6-க்கும் நடுவில். ஆட்டோக்காரரிடம் கேட்கிற மாதிரி யாரிடமும் கேட்க வேண்டாம்.

15. நியூயார்க், நியூ ஜெர்சிப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஆம்டிராக் கட்டணத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். நியூ ஜெர்சி டிரான்சிட்டில் டிரென்டன் வரை வந்து, அங்கே பிலடெல்பியாவின் செப்டா ரயிலுக்கு மாறினால் கட்டணம் வெகுவாகக் குறையும். நேரம் கொஞ்சம் கூடும், இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட் எடுக்க வேண்டும். ஜெஃபர்சன் நிலையத்தில் இறங்கினால் ரீடிங் டெர்மினல் சந்தை பக்கத்திலேயே.

16. 30-ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் அவசரமாக வெளியே ஓடாதீர்கள். பெரிய கூடத்தின் ஒரு கோடியில், இறந்த வீரனைத் தூக்கி நிற்கும் வெண்கலத் தேவதையைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த பென்சில்வேனியா ரயில்வே ஊழியர்கள் 1,307 பேர், அவர்கள் பெயரெல்லாம் அடியில் பொறித்திருக்கிறது. இதற்கு ஐந்து நிமிடம் போதும், காசு கிடையாது.

17. அந்த நிலையத்திலிருந்து சுதந்திர மணிக்கு டாக்சி தேவையில்லை. 'எல்' என்கிற மெட்ரோவில் ஏறி 5-ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே ஹால். வங்கி அட்டையையே தட்டி ஏறலாம், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெரியவர்களோடு வந்தால் கட்டணமில்லை. மாறி ஏறும்போதும் அதே அட்டையைத் தட்டுங்கள், அப்போதுதான் இலவச மாறுதல் கணக்கில் வரும்.

18. காரில்தான் வருவேன் என்பவர்கள் பார்க்கிங்கை முன்பே இணையத்தில் பதிவு செய்துவிடுங்கள். தெருவோரத்தில் இடம் தேடிச் சுற்றினால் நேரமும் பெட்ரோலும் வீண், அறிவிப்புப் பலகையைச் சரியாகப் படிக்காமல் விட்டு அபராதம் கட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஒரே இடத்தில் வண்டியை விட்டுவிட்டு நாள் முழுக்க நடப்பதுதான் சிக்கனம்.

19. பழைய தெருக்களில் செங்கல் நடைபாதை. மரத்தின் வேர் தூக்கி மேடும் பள்ளமுமாக இருக்கும். குதிகால் செருப்பு, ஹவாய் செருப்பு இரண்டும் வேண்டாம். சேலை கட்டுகிற அம்மாக்களும் அன்றைக்கு ஷூ போட்டுக்கொள்ளட்டும், கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் வைத்துக் கட்டினால் தடுக்காது.

20. கையில் கட்டுச்சாதம் இருந்தால் வாஷிங்டன் சதுக்கத்துக்குப் போய்விடுங்கள். ஹாலிலிருந்து ஒரு தெரு தள்ளித்தான். நிழல், பெஞ்சு, அமைதி எல்லாம் உண்டு. புரட்சிப் போரின் வீரர்கள் பலர் பெயர் தெரியாமல் அந்த மண்ணில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், அவர்களுக்காக ஓர் அணையா விளக்கு எரிகிறது. அதனால் சாப்பிட்ட இலை, தாள், ஸ்பூன் எதையும் விடாமல் எடுத்து வந்துவிடுங்கள்.

21. வழியில் சாப்பிட எலுமிச்சை சாதமும் புளியோதரையும் போல வேறில்லை, மதியம் வரை கெடாது. சோற்றை உருண்டையாகப் பிடித்து அலுமினியத் தாளில் சுற்றிக்கொடுத்தால் தட்டு, ஸ்பூன் சுமை கிடையாது. தயிர் சாதம் வேண்டுமென்றால் பாலை அதிகம் ஊற்றி, உறைத் தயிர் ஒரு ஸ்பூன் மட்டும் விட்டு எடுத்துப் போங்கள், சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

22. தண்ணீர் பாட்டிலைக் கட்டாயம் கொண்டுபோங்கள். இந்த ஊரில் 2017 முதல் இனிப்புப் பானங்களுக்குத் தனி வரி இருப்பதால், கோலா போன்றவற்றின் விலை பக்கத்து ஊர்களைவிட அதிகம். பார்வையாளர் மையத்தில் நிரப்பிக்கொண்டால் நாலு பேர் குடும்பத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டாலர் மிச்சம்.

23. வெளியில் சாப்பிடுவதானால் ரீடிங் டெர்மினல் சந்தை. 1893-ல் ரயில் நிலையத்துக்கு அடியில் தொடங்கியது. மேலே ரயில் ஓடியது 1984-ல் நின்றுவிட்டது, கீழே சந்தை மட்டும் நிற்காமல் நடக்கிறது. இந்தியச் சாப்பாட்டிலிருந்து சீன நூடுல்ஸ் வரை ஒரே கூரைக்குள் கிடைப்பதால், வீட்டில் நாலு பேருக்கு நாலு ருசி என்றாலும் சண்டையில்லை. பதினொன்றுக்கே போய்விடுங்கள், பன்னிரண்டுக்கு மேல் உட்கார நாற்காலி கிடைக்காது.

24. சந்தையில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்தார் நடத்தும் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. அவர்கள் கண்ணெதிரே சுட்டுத் தரும் பிரட்செலும் டோநட்டும் வேண்டுமென்றால் சனிக்கிழமைக்குள் போக வேண்டும். ஐஸ்கிரீம் பிரியர்கள் 1861-ல் தொடங்கிய பாஸெட்ஸ் கடையைத் தேடிப் போங்கள்.

25. ஊரெல்லாம் 'சீஸ்ஸ்டேக்' என்று எழுதியிருக்கும். பெயரில் சீஸ் இருக்கிறதே என்று சைவம் என நினைத்துவிடாதீர்கள், உள்ளே இருப்பது மெல்லியதாகச் சீவிய மாட்டிறைச்சி. கோழி போட்டும் பல கடைகளில் செய்து தருவார்கள், காளான் போட்ட சைவ வகையும் சில இடங்களில் உண்டு. ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது, ஒரே கல்லில்தான் எல்லாம் வதக்குவார்கள்.

26. பிராங்க்ளின் வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. எப்படி இருந்தது என்பதற்குச் சரியான படமோ வரைபடமோ கிடைக்காததால், 1976-ல் கட்டடக்கலைஞர் ராபர்ட் வென்டூரி வெறும் எஃகுச் சட்டத்தில் வீட்டின் உருவத்தை மட்டும் நிறுத்திவிட்டார். முற்றத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை. தரையில் இருக்கிற பார்வைத் துளைகள் வழியாகப் பழைய அஸ்திவாரத்தையும் பார்க்கலாம், கீழே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு மட்டும் தனி டிக்கெட்.

27. அதே முற்றத்தை ஒட்டி, மார்க்கெட் தெருப் பக்கம், பிராங்க்ளின் பெயரில் ஒரு தபால் நிலையம் உண்டு. 1775-ல் அமெரிக்காவின் முதல் தபால்துறைத் தலைவரானவர் அவர். திறந்திருந்தால், அவர் கையெழுத்துப் போட்ட விதத்திலேயே அமைந்த முத்திரையைக் கையால் குத்தித் தருவார்கள். ஒரு அஞ்சலட்டையில் ஊர் முகவரியை எழுதி, வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிப் போடுங்கள். கடையில் வாங்கும் காந்தப் பொம்மையைவிட மலிவு, வாங்குகிறவர்களுக்கு மகிழ்ச்சியும் அதிகம்.

28. பிராங்க்ளினின் சமாதி 5-ஆம் தெருவும் ஆர்ச் தெருவும் சந்திக்கிற மூலையில் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் உண்டு, ஆனால் வேலிக் கம்பி வழியாகத் தெருவிலிருந்தே கல் தெளிவாகத் தெரியும். அதன்மேல் சில்லறை வீசுவது அங்கே பழக்கமாகிவிட்டது. நீங்கள் வீச வேண்டாம், இத்தனை ஆண்டு நாணயம் விழுந்து விழுந்து கல் குழி விழுந்திருக்கிறது.

29. எல்ஃப்ரெத்ஸ் ஆலி என்ற சந்து எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த இடங்களில் ஒன்று. கொல்லர், தச்சர், தையல்காரர் என்று கைத்தொழில் செய்தவர்கள் வாழ்ந்த 32 சின்ன வீடுகள். முந்நூறு ஆண்டாக ஆள் குடியிருப்பு விடவேயில்லை. இப்போதும் குடும்பங்கள் இருக்கின்றன. ஜன்னலில் எட்டிப் பார்ப்பது, வாசற்படியில் உட்கார்ந்து படம் எடுப்பது இரண்டும் வேண்டாம், நம் வீட்டு வாசலில் யாராவது அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்! காலை ஒன்பதுக்கு முன் போனால் சந்து முழுக்க உங்களுக்குத்தான்.

30. பழைய தெருக்களில் நடக்கும்போது அண்ணாந்தும் பாருங்கள், குனிந்தும் பாருங்கள். சில மாடி ஜன்னல்களுக்கு வெளியே கோணலாக மாட்டிய கண்ணாடிகள் இருக்கும்: கதவைத் தட்டுவது யார் என்று மாடியிலிருந்தே பார்த்துக்கொள்ள, இறங்கி ஏறுகிற வேலை மிச்சம். படியோரத்தில் வளைந்த இரும்புத் துண்டு தெரிந்தால் அது செருப்புச் சேற்றை வழிக்க வைத்தது.

31. சுவரில் உயரத்தில் பதித்திருக்கும் உலோகத் தகடுகள் அந்தக் காலத்துத் தீக்காப்பீட்டு அடையாளங்கள். நாலு கைகள் கோத்திருந்தால் 1752-ல் பிராங்க்ளின் முதலானோர் தொடங்கிய நிறுவனம். வீட்டு முன்னால் மரம் இருந்தால் காப்பீடு கிடையாது என்று அவர்கள் சொல்லிவிட, மரத்தை வெட்ட மனமில்லாதவர்கள் 1784-ல் சேர்ந்து தனி நிறுவனமே தொடங்கினார்கள். அவர்கள் தகட்டில் மரம். யார் அதிகம் கண்டுபிடிக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தால் நடை அலுப்பு தெரியாது.

32. எல்ஃப்ரெத்ஸ் ஆலிக்கு அருகில், 2-ஆம் தெருவில், பழைய தீயணைப்பு நிலையமொன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. விருப்பப்பட்ட காணிக்கை கொடுத்தால் போதும். குதிரை இழுத்த தீயணைப்பு வண்டிகளைப் பார்த்த எந்தச் சிறுவனும் சீக்கிரம் வெளியே வரமாட்டான்.

33. முதல் கொடியைத் தைத்ததாகச் சொல்லப்படும் பெட்ஸி ராஸின் வீட்டுக்கு டிக்கெட் உண்டு. அந்தக் கதையை அவர் பேரன் 1870-ல்தான் ஊரறியச் சொன்னார், எழுத்துச் சான்று கிடையாது. நேரமும் பணமும் குறைவென்றால் முற்றத்தில் நின்று பார்த்துவிட்டு நகரலாம். தையல் தெரிந்தவர்கள் மட்டும் உள்ளே போங்கள், அந்தக் காலத்து அறைகலன் தைக்கும் தொழிலைப் பார்க்க நன்றாக இருக்கும்.

34. வார நாளில் போக முடிந்தால் நாணயச் சாலையை விடாதீர்கள், கட்டணமில்லை. சில்லறைக் காசு மழையாகக் கொட்டுவதை மேலிருந்து பார்க்கலாம். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை, பெரியவர்கள் கையில் அடையாள அட்டை இருக்கட்டும்.

35. குழந்தைகளுக்குப் பூங்கா ரேஞ்சர்களிடம் 'ஜூனியர் ரேஞ்சர்' புத்தகம் கேட்டு வாங்குங்கள், இலவசம். அதிலுள்ள கேள்விகளுக்கு விடை எழுதிக்கொடுத்தால் உறுதிமொழி சொல்லவைத்து பேட்ஜ் தருவார்கள். கோடை விடுமுறையில் சில பெஞ்சுகளில் கதைசொல்லிகள் உட்கார்ந்து பழைய ஊர்க்கதைகள் சொல்வார்கள், அதற்கும் காசு வாங்குவதில்லை. என் மகள் மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய பேட்ஜ் இன்னும் அவள் பள்ளிப்பையில் இருக்கிறது.

36. நகரமன்றத்தின் கோபுரத்தில் ஏற டிக்கெட் வேண்டும், நடுமுற்றத்தில் நடந்து போக டிக்கெட் தேவையில்லை. 1871-ல் தொடங்கிக் கட்டி முடிக்க முப்பது ஆண்டு ஆயிற்று. உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலை மட்டும் 37 அடி. அவர் தொப்பிக்கு மேல் யாரும் கட்டுவதில்லை என்று எழுதாத ஒப்பந்தமாகவே 1980-களின் நடுப்பகுதி வரை ஊரே காத்தது.

37. பல இடங்களுக்குச் சேர்த்து விற்கும் பாஸ் வாங்குமுன் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். இந்த ஊரின் முக்கிய இடங்கள் ஏற்கெனவே இலவசம் என்பதால், ஒருநாள் பயணத்துக்குப் பெரும்பாலும் பாஸ் கட்டுப்படியாகாது. அதைவிட உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள், பல நூலகங்கள் அருங்காட்சியக அனுமதிச் சீட்டைப் புத்தகம் போலவே இரவல் தருகின்றன.

38. காசு கொடுத்துப் பார்க்க ஒரே ஓர் இடம் என்றால் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலையைச் சொல்வேன். 1829 முதல் 1971 வரை நடந்தது. தனிமையில் வைத்தால் மனம் திருந்தும் என்று நம்பி, கைதி இன்னொரு முகத்தையே பார்க்காதபடி கட்டினார்கள். அந்தத் தனிமை எவ்வளவு கொடியது என்று 1842-ல் நேரில் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ் எழுதினார். கோடையிலும் உள்ளே கல் சில்லென்றிருக்கும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளை வெளியே யாராவது பார்த்துக்கொள்வது நல்லது.

39. டிக்கன்ஸ் பிரியர்கள் பார்க்வே என்ற சாலையில் இருக்கும் மத்திய நூலகத்துக்கும் போங்கள், இலவசம். அவர் வளர்த்த கிரிப் என்ற அண்டங்காக்கையைப் பதப்படுத்தி அபூர்வ நூல் பிரிவில் வைத்திருக்கிறார்கள். எட்கர் ஆலன் போவின் புகழ்பெற்ற காக்கைக் கவிதைக்கு வித்து இதுதான் என்பார்கள். பிரிவு திறக்கும் நேரத்தை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

40. கலை அருங்காட்சியகத்தின் முன்னால் இருக்கும் 72 படிகளில் ராக்கி படத்தில் வருவது போல ஓடி ஏறுவதற்கென்றே கூட்டம் வரும், படிக்குக் கட்டணமில்லை. முழங்கால் வலியுள்ளவர்கள் பின்புறமுள்ள மேற்கு வாசலுக்குப் போனால் சக்கர நாற்காலியே உள்ளே போகும். வெள்ளி மாலையிலும் மாதத்தின் முதல் ஞாயிறிலும் விருப்பப்பட்ட தொகை கொடுத்தால் போதும், பதினெட்டு வயது வரை எப்போதுமே இலவசம். செவ்வாய், புதன் விடுமுறை.

41. உள்ளே போனதும் தெற்காசியப் பிரிவு எங்கே என்று கேட்டு நேரே அங்கே போய்விடுங்கள். மதுரை மதனகோபால சுவாமி கோயிலின் கல்மண்டபம் அங்கே நிற்கிறது! 1912-ல் மதுரைக்கு வந்த அட்லைன் பெப்பர் கிப்ஸன் என்ற பிலடெல்பியாப் பெண்மணி, கோயிலில் பிரிந்து கிடந்த பதினாறாம் நூற்றாண்டுத் தூண்களையும் சிற்பங்களையும் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். 1919-ல் அவர் இறந்தபின் குடும்பத்தார் அவர் நினைவாக அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ராமாயணத்து மாந்தர் தூணுக்குத் தூண் நிற்கிறார்கள். மதுரையில் பிறந்து வளர்ந்த என் அம்மா அனுமார் முன்னால் வந்ததும், செருப்பைக் கழற்ற இடம் தேடினாள். அங்கே போய் இருக்க வேண்டிய கல்லா இது என்ற வருத்தம் எனக்கு உண்டு. அம்மாவோ, நல்லபடியாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவள், அரைமணி நேரம் எழுந்திருக்கவேயில்லை. இந்த இடத்துக்கு மட்டும் நேரம் கணக்குப் போடாதீர்கள்.

42. மண்டபத்தின் தூண்களைத் தொடக் கூடாது, கற்பூரம், பூ எதுவும் எடுத்துப் போகக் கூடாது என்று பெரியவர்களிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாமா என்று காவலரைக் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

43. துணி வாங்க எண்ணமிருந்தால் இங்கேயே வாங்கிவிடலாம். பென்சில்வேனியாவில் அன்றாடத் துணிமணிக்கும் செருப்புக்கும் விற்பனை வரி இல்லை. மற்றப் பொருளுக்கு இந்த ஊரில் 8 சதவீத வரி, அதனால் பொம்மை, சாவிக்கொத்து வகையறாவுக்குப் பதில் ஊர்ப்பெயர் போட்ட டி-ஷர்ட் எடுத்தால் பரிசாகவும் ஆயிற்று, உடுத்தவும் ஆயிற்று.

44. சாயங்காலம் அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இறங்கினால் ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் ஃபேர்மவுன்ட் வாட்டர் ஒர்க்ஸ். 1815 முதல் ஊருக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த இடம், பார்க்க ஒரு கோயில் முகப்பு போலவே இருக்கும். இருட்டியதும் ஆற்றங்கரைப் படகு வீடுகளின் ஓரமெல்லாம் விளக்கு எரியும், அத்தனையும் தண்ணீரில் தெரியும். திரும்பும் ரயில் நேரத்துக்குப் போனில் முன்பே அலாரம் வைத்துவிடுங்கள். அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்து வர மனம் வராது.